கிரெப்ஸ் வட்டத்தின் எட்டு நொதியங்கள்: பாடமாக்காமல் நினைவில் வைப்பது எப்படி?

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து உயர்தர உயிரியல் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "கிரெப்ஸ் வட்டத்தின் எட்டு நொதியங்களையும் எத்தனையோ தடவை பாடமாக்கிவிட்டேன். ஒரு கிழமை போனால் மறந்துவிடுகிறது. இரண்டே இரண்டு காபனை எரிக்க ஏன் இவ்வளவு பெரிய சுற்று? வட்டத்தில் எந்த இடத்திலும் ஒட்சிசன் வரவில்லையே, பிறகு ஏன் இது காற்றுச் சுவாசத்தில் சேர்கிறது? இதில் வரும் சித்திரிக் அமிலமும் எலுமிச்சம்பழத்தில் இருப்பதும் ஒன்றுதானா?"

கடைசிக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: ஆம். மற்றவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

உங்கள் லயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நிறுவை முடிந்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கிக் கட்டி, லொறி வரும்வரை மடுவத்தில் அடுக்கி வைப்பார்கள். லொறி பிந்திய நாளில் அந்தச் சாக்கின் வாயைத் திறந்து முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பாருங்கள். வெளியே மழையும் பனியுமாக இருக்கும். நடுச்சாக்கு வெதுவெதுப்பாக இருக்கும். இன்னும் நேரம் போனால் நன்றாகவே சுடும். சின்ன வயதில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது, குளிருக்கு அதற்குள் கையை விட்டுக்கொண்டு நின்று ஏச்சு வாங்கியிருக்கிறேன். வெயில் பட்ட சூடு என்றுதான் அப்போது நினைத்தேன். மழை நாளிலும் சுடுகிறதே என்று யோசிக்கத் தோன்றவில்லை.

கொழுந்தைச் செடியிலிருந்து கிள்ளியவுடன் அது செத்துப்போவதில்லை. அதன் கலங்கள் மணிக்கணக்காகச் சுவாசித்துக்கொண்டே இருக்கின்றன. உள்ளே இருக்கும் சீனியை எரிக்கின்றன. வெப்பம் வெளியேற வழியில்லாததால் சாக்கு சுடுகிறது. நெருப்பு இல்லை, புகை இல்லை, ஆனாலும் எரிகிறது. காபனை ஒவ்வொன்றாகக் கழற்றி காபனீரொட்சைட்டாக வெளியே விடும் அந்த வேலையின் பெரும்பங்கு நடப்பது இழைமணி என்ற சக்தி தரும் சிறு உறுப்பின் தாயத்தில் (அதன் உட்புறத்தில்), நீங்கள் பாடமாக்கும் இந்த வட்டத்தில்தான். உங்கள் உடம்பிலும் அதே எட்டுப் படிகள்தான்.

சரி, ஏன் சுற்று? என்னைக் கேட்டால் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நொதியங்களின் பெயரைத் தொடவே கூடாது.

குளுக்கோசு உடைந்து வந்த பைருவேற்று, ஒரு காபனை இழந்து, இரண்டு காபன் கொண்ட அசற்றைல் கூட்டமாகிறது. இந்த இரண்டு காபன்களுக்கும் நடுவிலுள்ள பிணைப்பை நேரடியாக உடைப்பது கலத்துக்கு மிகக் கடினம். காபனீரொட்சைட்டைக் கழற்றுவதற்கு இரசாயனத்தில் ஒரு வசதி வேண்டும்: கழல வேண்டிய காபொட்சைல் கூட்டத்துக்கு அடுத்த காபனிலோ, ஒன்று தள்ளியுள்ள காபனிலோ ஒரு கீற்றோக் கூட்டம் (ஒட்சிசனோடு இரட்டைப் பிணைப்புள்ள காபன்) இருக்க வேண்டும். அசற்றைல் கூட்டம் அதற்கு மிகக் குட்டை. ஆகவே கலம் ஒரு தந்திரம் செய்கிறது. அந்த இரண்டு காபனையும் நான்கு காபன் கொண்ட ஒரு சேர்வையின் மீது ஏற்றிவிடுகிறது. இப்போது ஆறு காபன். நீளமான மூலக்கூறு, அதை வளைத்து, திருத்தி, வேண்டிய இடத்தில் கீற்றோக் கூட்டத்தை உண்டாக்கி, ஒரு காபனைக் கழற்றலாம், மறுபடி ஒன்றைக் கழற்றலாம். மிஞ்சிய நான்கு காபனைப் பழைய வடிவத்துக்குத் திருப்பினால் அடுத்த சுமைக்குத் தயார்.

வெறுங்கூடையோடு மலைக்குப் போய், நிறைத்துக்கொண்டு வந்து, மடுவத்தில் கொட்டிவிட்டு மறுபடி வெறுங்கூடையோடு போவதில்லையா? ஒட்சலோஅசற்றேற்று என்ற அந்த நான்கு காபன் சேர்வைதான் கூடை. கூடை தீர்ந்துபோவதில்லை. அதனால்தான் இது வட்டம்.

இதை மனதில் வைத்தால் வட்டம் இரண்டு பாதியாகப் பிரியும். முதல் நான்கு படிகள் ஏற்றிக் கழற்றுவதற்கு. பின் நான்கு படிகள் கூடையைத் திருத்துவதற்கு. 4, 6, 6, 5, 4, 4, 4, 4, 4 என்று காபன் எண்ணிக்கையை மட்டும் ஒரு தாளில் வட்டமாக எழுதுங்கள். கடைசி நாலும் முதல் நாலும் ஒரே ஆள்தான். பெயர்கள் பிறகு வரட்டும்.

வட்டத்துக்குள் போகும் முன் வாசலைக் கவனிக்க வேண்டும். பைருவேற்றை அசற்றைல் துணைநொதியம் ஏ ஆக, அதாவது துணைநொதியம் ஏ என்ற காவியின் மேல் ஏறிய அசற்றைலாக, மாற்றுவது பைருவேற்று டிஹைட்ரோஜினேஸ். இது தனி நொதியம் இல்லை. மூன்று வகை நொதியங்கள் பல பிரதிகளாகச் சேர்ந்த பெரிய சிக்கல். அதற்கு ஐந்து துணைக்காரணிகள் வேண்டும்: தயமின் பைரோபொசுபேற்று, லிப்போயிக் அமிலம், துணைநொதியம் ஏ, எஃப்ஏடி, என்ஏடி (கடைசி இரண்டும் ஐதரசனைச் சுமப்பவை). இவற்றில் நான்கு விற்றமின் பி குடும்பத்திலிருந்து வருபவை. தயமின் பி1, எஃப்ஏடியில் பி2, என்ஏடியில் பி3, துணைநொதியம் ஏயில் பி5.

தயமின் குறைந்தால் வரும் நோய் பெரிபெரி. இந்தப் பெயரே நம் நாட்டிலிருந்து போனது என்று அகராதிகள் சொல்கின்றன. சிங்களத்தில் 'பெரி' என்றால் 'முடியாது'. 'முடியவில்லை, முடியவில்லை' என்று நோயாளி சொல்வதுதான் நோயின் பெயராகிவிட்டதாம். வாசலில் தயமின் இல்லாவிட்டால் பைருவேற்று வட்டத்துக்குள் போக முடியாமல் இரத்தத்தில் தேங்கும். சக்தி அதிகம் கேட்கும் நரம்பும் இதயமும் முதலில் தள்ளாடும். தவிட்டோடு சேர்ந்து தயமினும் போய்விடுவதால், நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியை மட்டுமே உண்டவர்களிடம் இந்த நோய் அதிகம் காணப்பட்டது. நெல்லை அவிக்கும்போது தயமினில் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடும். அதனால் புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்கள் தப்பினார்கள். காரணம் தெரியாமலே நம் ஆட்கள் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று.

இனி வட்டம்.

முதல் படி சித்திரேற்று சிந்தேஸ். ஒட்சலோஅசற்றேற்றின் நான்கோடு அசற்றைலின் இரண்டைச் சேர்த்து ஆறு காபன் சித்திரேற்று ஆக்குகிறது. துணைநொதியம் ஏ கழன்று திரும்பிப் போகிறது. இந்த நொதியம் இரண்டு இதழ் கொண்ட வாய் மாதிரி. முதலில் ஒட்சலோஅசற்றேற்று உள்ளே வந்து உட்கார வேண்டும். அது உட்கார்ந்தால்தான் இதழ்கள் மூடும். மூடினால்தான் அசற்றைல் துணைநொதியம் ஏ உட்காரும் இடமே உருவாகும். வரிசை மாறாது. மாறினால் கூடை வரும் முன்பே அசற்றைல் நீர்பட்டு உடைந்து வீணாகும். ஒழுங்கான ஒரு கணக்கப்பிள்ளை போலத்தான்: கூடை இல்லாதவர்களை வரிசையில் விடமாட்டார்.

இங்கே ஒரு சின்னக் குறிப்பு. 'சிந்தேஸ்' என்றும் 'சிந்தெற்றேஸ்' என்றும் இரண்டு பெயர்கள் இந்த வட்டத்தில் வருகின்றன. பழைய வழக்கப்படி, ஏடிபி (கலத்தின் சக்தி நாணயம்) போன்ற பொசுபேற்றுச் சக்தி இல்லாமல் கட்டுவது சிந்தேஸ். அது சம்பந்தப்பட்டால் சிந்தெற்றேஸ். ஐந்தாம் படிக்கு வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி அக்கொனிற்றேஸ். சித்திரேற்றில் ஐதரொட்சைல் கூட்டம் நடுக்காபனில் இருக்கிறது. அந்த நடுக்காபனில் ஐதரசன் ஒன்றும் இல்லை. ஆகவே அங்கே ஒட்சியேற்றிக் கீற்றோக் கூட்டம் ஆக்க முடியாது. என்ன செய்வது? ஒரு நீர் மூலக்கூறை எடுத்துவிட்டு, இடம் மாற்றிப் பக்கத்துக் காபனில் திரும்பச் சேர்ப்பது. இடையில் வருவது சிஸ்-அக்கொனிற்றேற்று. முடிவில் கிடைப்பது ஐசோசித்திரேற்று. காபன் எண்ணிக்கை மாறவில்லை, என்ஏடி வரவில்லை. பரீட்சையில் பிள்ளைகள் விட்டுவிடும் படி இதுதான். "ஒன்றும் நடக்கவில்லையே சேர்" என்பார்கள். அடுத்த படியில் கத்தி வைப்பதற்கு இடம் பார்த்துக் கொடுத்தது இந்தப் படி.

இந்த நொதியத்தின் நடுவில் நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் சேர்ந்த ஒரு சிறு கொத்து இருக்கிறது. அப்புறம், இதற்கு ஒரு கொலைக்கதையும் உண்டு. தென்னாபிரிக்காவில் மாடு மேய்ந்தால் செத்துப்போகும் ஒரு செடியில் புளோரோஅசற்றேற்று என்ற பொருள் இருக்கிறது. அது நேரே நஞ்சாவதில்லை. வட்டத்தின் முதல் நொதியம் அதைச் சாதாரண அசற்றைல் என்று நினைத்து ஏற்று, புளோரோசித்திரேற்றாகக் கட்டிக் கொடுத்துவிடும். அது அக்கொனிற்றேசுக்குப் போய் அதை முடக்கிவிடும். கலம் தன் கையாலேயே தன் நஞ்சைச் சமைக்கிறது. இதைக் கண்டறிந்த ரூடொல்ஃப் பீற்றர்ஸ், தயமின் இல்லாத புறாக்களில் பைருவேற்று எரியாமல் தடைப்படுவதைக் காட்டியவர்களில் முக்கியமானவரும்கூட. இந்த வட்டத்தின் வரலாற்றில் புறாக்களுக்கு நாம் நிறையவே கடன்பட்டிருக்கிறோம். கீழே இன்னொரு புறாவும் வரும்.

மூன்றாம் படி ஐசோசித்திரேற்று டிஹைட்ரோஜினேஸ். பெயரைப் பிரித்தாலே வேலை தெரியும்: ஐதரசனை அகற்றுவது. அகற்றிய ஐதரசனை என்ஏடி வாங்கி என்ஏடிஎச் ஆகிறது; ஒட்சியேற்றத்தால் வந்த கீற்றோக் கூட்டத்தின் தயவில் காபனீரொட்சைட்டு ஒன்று கழல்கிறது. ஆறு ஐந்தாகிறது. கிடைப்பது அல்பா-கீற்றோகுளூற்றாரேற்று. வட்டத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முக்கிய இடங்களில் இது ஒன்று. ஏடிபி தாராளமாக இருந்தால் இது மெதுவாகும். ஏடிபி செலவாகி, அதன் வெறுங்கூடான அடினோசின் இருபொசுபேற்று கூடினால் வேகம் எடுக்கும்.

நான்காம் படிக்குத் தனியாக எதையும் படிக்காதீர்கள். அல்பா-கீற்றோகுளூற்றாரேற்று டிஹைட்ரோஜினேஸ் என்பது வாசலில் பார்த்த பைருவேற்று டிஹைட்ரோஜினேசின் உடன்பிறப்பு. அதே மாதிரிச் சிக்கல், அதே ஐந்து துணைக்காரணிகள், அதே வேலை: காபனீரொட்சைட்டு ஒன்றைக் கழற்று, என்ஏடிஎச் ஒன்றைக் கொடு, மிச்சத்தைத் துணைநொதியம் ஏ மீது ஏற்று. அங்கே மூன்று காபனிலிருந்து அசற்றைல் வந்தது. இங்கே ஐந்து காபனிலிருந்து நான்கு காபன் சக்சினைல் வருகிறது. தயமின் குறைந்தால் இந்தப் படியும் நின்றுபோகும்.

இரண்டு காபன் உள்ளே வந்தது, இரண்டு காபன் வெளியே போய்விட்டது. வேலை முடிந்தது போலத் தெரியும். ஆனால் இந்தச் சுற்றில் வெளியே போன இரண்டு காபனும் இந்தச் சுற்றில் உள்ளே வந்தவை அல்ல! இரண்டுமே கூடையில் முன்பே இருந்தவை, ஒட்சலோஅசற்றேற்றின் காபன்கள். புதிதாக வந்த இரண்டும் அடுத்தடுத்த சுற்றுகளில்தான் போகும். மேலே கொட்டிய கொழுந்து அப்படியே இருக்க, அடியில் கிடந்தது முதலில் வெளியே வருவது மாதிரி. சித்திரேற்றைத் தாளில் வரைந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது, நொதியத்துக்கு எந்தப் பக்கம் புதியது என்று எப்படித் தெரியும் என்று ஆராய்ச்சியாளர்களே குழம்பினார்கள். சித்திரேற்று இந்த வட்டத்தில் உண்மையில் இருக்கிறதா என்றே சிலர் சந்தேகப்பட்டார்கள். 1948இல் ஒக்ஸ்டன் என்பவர் குழப்பத்தைத் தீர்த்தார். நொதியம் மூலக்கூறை மூன்று இடங்களில் பிடித்தால் போதும், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரு பக்கங்களும் அதற்கு வேறுவேறாகிவிடும் என்றார். கையுறை உதாரணம் போதும்: இடக்கை உறை இடக்கையில் மட்டும்தான் சரியாக உட்காரும்.

ஐந்தாம் படி சக்சினைல் துணைநொதியம் ஏ சிந்தெற்றேஸ். துணைநொதியம் ஏ கழன்று சக்சினேற்று ஆகும்போது கிடைக்கும் சக்தியில் ஒரு ஏடிபி, அல்லது அதன் உறவான ஜிடிபி, நேரடியாக உருவாகிறது. விலங்கு இழையங்களில் இரண்டு வகையும் உண்டு, தாவரங்களில் ஏடிபிதான். வட்டத்துக்குள் நேரடியாகப் பொசுபேற்றுச் சக்தி கிடைப்பது இந்த ஒரு இடத்தில் மட்டும். வட்டத்தில் இந்த நொதியம் சக்சினைல் சேர்வையை உடைக்கிறது, ஆனால் பெயர் கட்டுவதைச் சொல்கிறது. எதிர்த்திசைத் தாக்கத்தை வைத்து இட்ட பெயர் அது. பிள்ளைகள் குழம்புவது நியாயம்தான்.

ஆறாம் படியில் கொஞ்சம் நிற்கலாம். சக்சினேற்று டிஹைட்ரோஜினேஸ் மற்ற ஏழு பேரைப் போலத் தாயத்தில் மிதந்துகொண்டிருப்பது இல்லை. இழைமணியின் உள் மென்சவ்வில் பதிந்திருக்கிறது. இலத்திரன் கடத்தும் சங்கிலியின் இரண்டாம் சிக்கல் என்று நீங்கள் வேறொரு பக்கத்தில் படிப்பதும் இதே நொதியம்தான். இரண்டு அலகுகளில் இரண்டு பெயரில் வருவதால் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. இங்கே ஐதரசனை வாங்குவது என்ஏடி இல்லை, எஃப்ஏடி. காரணம், இரண்டு காபன்களுக்கு நடுவில் இரட்டைப் பிணைப்பு ஒன்றை உண்டாக்கிச் சக்சினேற்றைப் பியூமரேற்றாக்கும் இந்த ஒட்சியேற்றத்தில் வெளிவரும் சக்தி என்ஏடியைத் தாழ்த்தப் போதாது. அந்த எஃப்ஏடி நொதியத்தோடு பிணைந்தே இருக்கிறது. படங்களில் எஃப்ஏடிஎச்2 ஒரு அம்புக்குறியோடு வெளியே பறந்து போவதாக வரைவார்கள், அப்படி எங்கும் போவதில்லை. இலத்திரன்களை அங்கேயே சங்கிலியின் அடுத்த காவியான யுபிகுவினோனிடம் கொடுத்துவிடுகிறது.

இந்தப் படியை மலோனேற்று என்ற பொருள் தடுக்கும். சக்சினேற்றைப் போலவே தோற்றம், ஒரு காபன் குறைவு. நொதியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் தாக்கமடையாது. போட்டி நிரோதிக்குப் புத்தகங்கள் காட்டும் உதாரணம் இதுதான். வட்டம் ஒரு வட்டம் என்பதற்குச் சாட்சி சொன்னதும் இதுதான்.

ஹான்ஸ் கிரெப்ஸ் யூதர் என்பதால் 1933இல் ஜேர்மனியில் வேலை இழந்து இங்கிலாந்துக்குப் போனவர். ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தில் தன் மாணவர் வில்லியம் ஜோன்சனோடு புறாவின் நெஞ்சுத் தசையை அரைத்து, அது ஒட்சிசன் உறிஞ்சும் வேகத்தை அளந்தார். பறக்கும் தசை என்பதால் அது மிக வேகமாகச் சுவாசிக்கும். சித்திரேற்று கொஞ்சம் போட்டால், அந்தச் சித்திரேற்று முழுவதும் எரிந்தாலும் செலவாக முடியாத அளவுக்கு அதிக ஒட்சிசன் செலவானது. அதாவது சித்திரேற்று தீர்ந்துபோகவில்லை. மறுபடி மறுபடி உருவாகிக்கொண்டிருந்தது. சக்சினேற்று, பியூமரேற்று, மலேற்று ஆகியவற்றுக்கு இதே குணம் உண்டென்று சென்ட்-ஜியோர்ஜி என்ற ஆய்வாளர் முன்பே காட்டியிருந்தார். சித்திரேற்றிலிருந்து கீற்றோகுளூற்றாரேற்று வரைக்குமான பாதையை மார்ட்டியசும் குனூப்பும் அதே காலத்தில் கண்டிருந்தார்கள். துண்டுகள் எல்லாம் மேசைமேல் கிடந்தன.

பிறகு மலோனேற்றைப் போட்டார்கள். சக்சினேற்றிலிருந்து பியூமரேற்றுக்குப் போகும் பாதை அடைபட்டுவிட்டது. இப்போது ஒட்சலோஅசற்றேற்றைக் கொடுத்தால், நேர்ப்பாதை அடைபட்டிருக்கும்போதும் சக்சினேற்று தேங்கியது. பின்பக்க வழி மூடியிருக்கிறது. அப்படியானால் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். ஹட்டனிலிருந்து கொட்டகலைப் பக்கப் பாதை மண்சரிவில் மூடியிருக்கும் நாளில் நுவரெலியாக்காரர் ஒருவர் ஹட்டனில் வந்து நின்றால், வேறு பாதை ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஒட்சலோஅசற்றேற்றும் சீனியிலிருந்து வரும் ஏதோ ஒன்றும் சேர்ந்து சித்திரேற்று ஆகிறது என்று கிரெப்ஸ் காட்டியதும் வட்டம் மூடிக்கொண்டது. அந்த 'ஏதோ ஒன்று' அசற்றைல் துணைநொதியம் ஏ என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. 1937 ஜூனில் இந்தக் கண்டுபிடிப்பை 'நேச்சர்' சஞ்சிகைக்கு அனுப்பினார். ஏற்கெனவே கடிதங்கள் குவிந்திருப்பதால் இப்போது இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'என்சைமொலோஜியா' என்ற சஞ்சிகையில் அது வெளிவந்தது. 1953இல் நோபல் பரிசு, துணைநொதியம் ஏயைக் கண்ட ஃபிரிட்ஸ் லிப்மனோடு பகிர்ந்து.

ஏழாம் படி பியூமரேஸ்: இரட்டைப் பிணைப்பில் நீரைச் சேர்த்து மலேற்று ஆக்குகிறது. அவ்வளவுதான்.

எட்டாம் படி மலேற்று டிஹைட்ரோஜினேஸ். மூன்றாவது என்ஏடிஎச் இங்கே கிடைக்கிறது, மலேற்று ஒட்சலோஅசற்றேற்றாகிறது, கூடை தயார். ஆனால் இந்தப் படி மேட்டில் ஏறும் படி. நியம நிலையில் பார்த்தால் ஒரு மூலுக்கு ஏறத்தாழ 30 கிலோயூல் எதிர்ப்பக்கமாக இருக்கிறது. தன்பாட்டில் விட்டால் ஒட்சலோஅசற்றேற்று மலேற்றாகத் திரும்பிவிடும். அப்படியானால் வட்டம் எப்படிச் சுற்றுகிறது? முதல் படி, சித்திரேற்று சிந்தேஸ், அதைவிடச் சற்றுக் கூடுதலான பலத்தோடு இறங்கும் படி. ஒட்சலோஅசற்றேற்று ஒரு துளி உண்டானதும் அதைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. ஆகவே ஒட்சலோஅசற்றேற்றின் செறிவு எப்போதும் மிக மிகக் குறைவு. எட்டாம் படி முன்னுக்கே போய்க்கொண்டிருக்கிறது. மேட்டில் தனியாக ஏற முடியாத வண்டியை முன்னால் இறங்கும் வண்டி கயிறு கட்டி இழுக்கிறது. முதல் படியையும் கடைசிப் படியையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் இது புரியும். புத்தகமோ முதல் பக்கத்தில் ஒன்றையும் கடைசிப் பக்கத்தில் மற்றதையும் வைத்திருக்கும்.

இனி ஒட்சிசன் கேள்வி. நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. எட்டுப் படியில் ஒன்றிலும் ஒட்சிசன் மூலக்கூறு பங்கெடுக்கவில்லை. காபனீரொட்சைட்டில் போகும் ஒட்சிசன் அணுக்களும் நாம் மூச்சில் இழுத்தவை அல்ல. சேர்வைகளிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தவை. ஆனால் ஒவ்வொரு சுற்றும் மூன்று என்ஏடியைக் கேட்கிறது. என்ஏடி கலத்தில் கொஞ்சம்தான் உண்டு. அது ஐதரசனை வாங்கி நிறைந்துவிட்டால், யாராவது கொட்டித் திருப்பித் தர வேண்டும். கொட்டும் இடம் இலத்திரன் கடத்தும் சங்கிலி. அதன் கடைசியில் இலத்திரனை வாங்கி நீராவது ஒட்சிசன். மடுவத்தில் நிறைந்த சாக்குகளை ஏற்ற லொறி வரவில்லை என்று வையுங்கள். வெறுஞ்சாக்கு ஒன்றும் மிஞ்சாது. மலையில் கொழுந்து இருக்கிறது, ஆள் இருக்கிறது, கூடை இருக்கிறது, ஆனால் வேலை நின்றுவிடும். லொறி மலைக்குள் ஏறி ஒரு கொழுந்தும் கிள்ளவில்லை. ஆனால் லொறி இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஒட்சிசன் அந்த லொறி.

கணக்கு: ஒரு சுற்றில் மூன்று என்ஏடிஎச், ஒரு எஃப்ஏடிஎச்2, ஒரு ஜிடிபி அல்லது ஏடிபி, இரண்டு காபனீரொட்சைட்டு. என்ஏடிஎச் ஒன்றுக்கு 2.5 ஏடிபியும் எஃப்ஏடிஎச்2 ஒன்றுக்கு 1.5 ஏடிபியும் என்று எடுத்தால் ஒரு சுற்றுக்கு 10. பழைய புத்தகங்கள் 3 என்றும் 2 என்றும் எடுத்து 12 சொல்லும். ஒரு குளுக்கோசுக்கு 36, 38 என்பது பழைய கணக்கு; 30, 32 என்பது புதியது. அண்ணன்மார் அக்காமாரின் பழைய கொப்பியிலிருந்து படிப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் வளநூலில் உள்ளதை எழுதுங்கள். ஒரு குளுக்கோசுக்கு வட்டம் இரண்டு முறை சுற்றும் என்பதையும், ஆறு காபனீரொட்சைட்டில் நான்கு வட்டத்திலும் இரண்டு வாசலிலும் வெளியேறுகின்றன என்பதையும் பல்தேர்வு வினாவில் அவசரப்பட்டு மறந்துவிடாதீர்கள். என் கையில் கிடைத்த ஒரு போட்டோக்கொப்பிக் குறிப்பில் ஆறையும் வட்டத்துக்குள்ளேயே போட்டிருந்தார்கள்.

எலுமிச்சம்பழம். தேசிக்காய் என்று சொன்னாலும் சரி. அதில் புளிக்கும் சித்திரிக் அமிலத்தை 1784இல் ஷேலே என்ற இரசாயனவியலாளர் எலுமிச்சைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். வட்டத்தில் வருவதும் அதே மூலக்கூறுதான். கலத்தில் நடுநிலைக்குக் கிட்டிய பீஎச்சில் அது தன் ஐதரசன் அயன்களை இழந்து நிற்பதால் சித்திரேற்று என்கிறோம். பெரும்பாலான கலங்களில் அது வந்த வேகத்தில் அடுத்த படிக்குப் போய்விடுகிறது. எலுமிச்சை போன்ற பழங்களோ அதை எடுத்துச் சாற்றுக் கலங்களின் புன்வெற்றிடத்தில் சேர்த்து வைக்கின்றன. உங்கள் தசையிலும் சித்திரேற்று இருக்கிறது; புளிக்கும் அளவுக்கு ஒருபோதும் சேர்வதில்லை. சம்பலுக்கு எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் வட்டம் வேகமாகச் சுற்றும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இது கேள்வியில் இல்லை, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. வட்டத்தை எரிக்கும் அடுப்பாக மட்டும் பார்ப்பது பாதிதான். இது ஒரு சந்தியும்கூட. நடுவில் பல பாதைகள் பிரிந்து போகின்றன. சித்திரேற்று வெளியே போய்க் கொழுப்புக் கட்ட உதவும். சக்சினைல் துணைநொதியம் ஏயிலிருந்து நம் இரத்தத்தின் ஹீம் தொடங்கும். ஒட்சலோஅசற்றேற்றிலிருந்து அஸ்பாட்டேற்று வரும். இப்படி ஆள் எடுத்தால் கூடை குறையும். அதை ஈடுசெய்யப் பைருவேற்றோடு ஒரு காபனீரொட்சைட்டைச் சேர்த்து நேரடியாக ஒட்சலோஅசற்றேற்று ஆக்கும் பைருவேற்று காபொட்சிலேஸ் நம் உடம்பில் இருக்கிறது. தாவரங்கள் இதற்கு இன்னொரு நொதியத்தைப் பயன்படுத்துகின்றன.

ஐந்து காபன் அல்பா-கீற்றோகுளூற்றாரேற்றிலிருந்து பிரியும் பாதைதான் எனக்குப் பிடித்தது. அதில் ஒரு அமைன் கூட்டம் சேர்ந்தால் குளூற்றாமேற்று. தேயிலைச் செடியின் வேரில் அந்தக் குளூற்றாமேற்றோடு எதைலமைன் சேர்ந்து தியனைன் என்ற அமினோ அமிலம் உண்டாகிறது. அது தண்டு வழியே மேலே ஏறிக் கொழுந்துக்கு வருகிறது. கடுஞ்சாயத்தின் துவர்ப்புக்கு அடியில் மெல்லிய ஒரு இதமான சுவை வருமே, அதில் தியனைனுக்குப் பங்கு உண்டு. வெயில் பட்டால் இலையில் அது குறைந்து, துவர்ப்புத் தரும் கற்றச்சின்கள் கூடும். ஆகவே இன்று இரவு தேத்தண்ணியோடு உட்கார்ந்து 4, 6, 6, 5, 4 என்று வட்டம் வரையும்போது, ஐந்துக்குப் பக்கத்தில் வெளியே போகும் ஒரு அம்புக்குறி போட்டு, அதன் முனையில் உங்கள் கோப்பையை வரைந்துகொள்ளுங்கள்.